12 அடி அகலச் சேலைக்கடை: வாசலோடு திரும்புகிறவர்களை உட்கார வைப்பது எப்படி?

கண்டாங்கிக்கடை:
வணக்கம். காரைக்குடியில் கைத்தறிக் காட்டன் சேலைக்கடை. கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலைதான் முக்கியம். மேற்குப் பார்த்த வாசல். 12 அடி அகலம், 40 அடி நீளம். தெருவிலிருந்து தளம் ஒன்றரை அடி உயரம், மூன்று படி. இரண்டு பக்கமும் கூரை வரை கண்ணாடி அலமாரி, நடுவில் நீளமான கவுண்டர், வாசலை ஒட்டிக் கல்லா, மேலே வெள்ளை ட்யூப்லைட்.

வருகிறவர்கள் வாசலிலேயே நின்று "என்ன விலையிலிருந்து இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். உட்கார்ந்துவிட்டால் பெரும்பாலும் வாங்கிவிடுகிறார்கள். மரவேலை, விளக்கு, தரை எல்லாம் சேர்த்து 6 லட்சம் ரூபாய். எதில் முதலில் கைவைக்கலாம்? தரை முழுக்க ஆத்தங்குடிக் கல் (பூ வேலைப்பாட்டோடு கையால் செய்யும் சிமெண்ட் ஓடு) போடலாம் என்றும் ஓர் எண்ணம்.

அளவுகோல்:
உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. சேலையை விரிக்கிற இடத்தில்தான் வியாபாரம் முடிகிறது. அந்த இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அதைச் சுற்றி அமையட்டும்.

நடுக் கவுண்டரை எடுத்துவிடுங்கள். 12 அடி என்பது 144 அங்குலம். இடப்பக்கச் சுவரில் அலமாரி 16, அதை ஒட்டி விரித்துக் காட்டும் மேடை 54, வாடிக்கையாளர் நாற்காலிக்கு 24, நடைபாதை 36, வலச்சுவரில் ஆழம் குறைந்த தட்டு 12. மீதி 2 அங்குலம் பூச்சு வேலைக்குப் போய்விடும். நடைபாதையை 36-க்குக் கீழே குறைக்க வேண்டாம். உட்கார்ந்திருப்பவர் முதுகில் போகிற வருகிறவர்கள் உரசினால், பாதிச் சேலை பார்க்கும்போதே எழுந்துவிடுவார்.

மேடை 54 அங்குலம் ஏன் என்றால், சேலையின் அகலம் 46லிருந்து 48 வரை வரும். முந்தானையை மடிப்பில்லாமல் முழு அகலத்துக்கு விரிக்க அவ்வளவு வேண்டும். மேடை உயரம் 26 அங்குலம், நாற்காலி 18. முன்விளிம்புக்கு அடியில் 10 அங்குலம் உள்வாங்கிக் கட்டச் சொல்லுங்கள். ஆசாரிகள் இதை விட்டுவிட்டுப் பெட்டி மாதிரி அடைத்துவிடுவார்கள். முழங்கால் இடிக்கும், வாடிக்கையாளர் தள்ளி உட்காருவார், கை துணிக்கு எட்டாது. தொட்டுப் பார்க்காமல் காட்டன் சேலை வாங்குகிறவர் யார்?

கல்யாண வீட்டார் ஐந்தாறு பேராக வருவார்கள். மேடை 12 அடி நீளமாவது இருந்தால்தான் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார முடியும்.

மரம் வாங்குவதற்கு முன் காலிக் கடையில் சாக்பீஸால் இந்த அளவுகளை அப்படியே தரையில் வரைந்து, வீட்டு நாற்காலி ஆறு போட்டு ஆட்களை உட்கார வையுங்கள். ஒரு மணி நேரம் போதும். தப்பு எங்கே என்று அப்போதே தெரிந்துவிடும்.

லுமென்:
ட்யூப்லைட் 6500 கெல்வினாக, அதாவது நீலம் கலந்த வெள்ளையாக இருக்கும். கண்டாங்கியின் அரக்கு, செங்கல் சிவப்பு, கடுகு மஞ்சள் மூன்றையும் அது சாகடித்துவிடும். சாதாரண எல்.இ.டி.யில் நிறத்திறன் எண், அதாவது நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்பதற்கான சி.ஆர்.ஐ., 80தான் இருக்கும். அந்த எண் ஆழ்ந்த சிவப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. விளக்குக் கடைக்காரரிடம் சி.ஆர்.ஐ. 90-க்கு மேல், ஆழ்ந்த சிவப்புக்கான ஆர்-9 மதிப்பு 50-க்கு மேல் என்று இரண்டையும் கேட்டு, பெட்டியில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். நிறம் 4000 கெல்வின், கடை முழுக்க ஒரே வகை. இரண்டு வகை கலந்தால் ஒரே சேலை அலமாரியில் ஒரு நிறம், மேடையில் ஒரு நிறமாகத் தெரியும்.

கணக்கு: 480 சதுர அடி என்பது சுமார் 45 சதுர மீட்டர். பொது வெளிச்சம் 300 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு 300 லுமென் ஒளி என்றால் 13,500 லுமென். சுவரும் அலமாரியும் விழுங்குவதற்கு இரண்டு மடங்கு, 27,000. வாட்டுக்கு 90 லுமென் தரும் 15 வாட் விளக்கு 20 போதும். மேடைக்கு மேல் மட்டும் தனியாக ட்ராக் லைட் (பட்டையில் நகர்த்தித் திருப்பக்கூடிய விளக்கு) போட்டு 750 லக்ஸுக்குக் கொண்டுவாருங்கள். விளக்கை வாடிக்கையாளர் தலைக்கு நேர் மேலே வைக்காதீர்கள். குனிந்து பார்க்கும்போது அவர் நிழலே துணிமேல் விழும். மேடையின் நடுக்கோட்டிலிருந்து அலமாரிப் பக்கம் ஓர் அடி தள்ளி வையுங்கள்.

எவ்வளவு நல்ல விளக்கு போட்டாலும் "வெளிச்சத்துல காட்டுங்க" என்று சேலையை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது அவநம்பிக்கை இல்லை. இரண்டு சாயம் விளக்கொளியில் ஒன்றுபோல் இருந்து பகலில் வேறாகத் தெரிவது உண்மைதான். அதற்கென்றே வாசலிலிருந்து 3 அடி உள்ளே ஓர் ஆளுயரக் கண்ணாடி வையுங்கள். முன்னால் 5 அடி காலியாக இருக்கட்டும். தோளில் போட்டுப் பார்க்கிறவர் முகத்தில் தெரு வெளிச்சம் விழ வேண்டும், முதுகில் அல்ல.

பருத்திநூல்:
லுமென் சொன்ன கண்ணாடி இடத்தைக் கட்டாயம் ஒதுக்குங்கள். ஆனால் மேற்கு வாசல் என்பதால் பிற்பகல் மூன்று மணிக்குமேல் நேர் வெயில் அடிக்கும். வெளியே மறைப்பு இறக்காவிட்டால் யாரும் அங்கே நிற்க முடியாது. மடித்து வைத்த சேலையில் வெளியே தெரியும் விளிம்பு மட்டும் வெளுத்து, பிரித்தால் நடுவே கோடு கோடாக நிற்கும். அந்தச் சேலை விற்காது. காட்சிச் சேலையை வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

விலை கேட்டுவிட்டுப் போவதற்குக் காரணம், விலை எங்கேயும் எழுதவில்லை என்பதுதான். முகப்பில் மூன்று சேலை விரித்துப் போட்டு மூன்றிலும் விலைச்சீட்டு மாட்டுங்கள்: குறைந்தது, நடுவானது, உயர்ந்தது. சீட்டில் நூல் நம்பர் (நூல் எவ்வளவு மெல்லியது என்பதற்கான எண்), நெய்த ஊர், தறியில் எத்தனை நாள், முதல் துவைப்பில் சாயம் போகுமா என்பதெல்லாம் இருக்கட்டும். காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூர்க்காரருக்கு அதை ஒரு வரியில் சொல்லுங்கள்.

கல்லாவை வாசலில் வைப்பது பழைய பழக்கம். உள்ளே கால் வைக்கும்போதே யாரோ முகத்தைப் பார்த்தால் நின்று நோட்டமிட மனம் வராது. கல்லா பின்கோடிக்குப் போகட்டும், அங்கிருந்து வாசல் நேராகத் தெரியும். முதல் 6 அடியில் அந்த மூன்று சேலை தவிர வேறு சரக்கே வேண்டாம். வெயிலிலிருந்து வருகிறவருக்குக் கண் பழக அவ்வளவு தூரம் வேண்டும்.

அலமாரியில் ஒரு கட்டத்துக்கு எட்டுச் சேலைக்கு மேல் அடுக்க வேண்டாம். அடியில் இருப்பதை உருவினால் மேலே உள்ள மடிப்பெல்லாம் கலையும். 18 மில்லி பிளைவுட்டில் இரண்டரை அடிக்கு ஒரு தாங்கல் கொடுங்கள், இல்லாவிட்டால் தொய்யும். அடித்தட்டு தரையிலிருந்து 6 அங்குலம் மேலே. கஞ்சி போட்ட காட்டனைத் தேடி வெள்ளிப்பூச்சி வரும், அடியில் துடைப்பம் போக வேண்டும்.

கண்டாங்கிக்கடை:
மிக்க நன்றி. படிக்கும் தரைக்கும் என்ன செய்யலாம்?

அளவுகோல்:
ஒன்றரை அடிக்கு முறையான சரிவுப் பாதை என்றால் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் 18 அடி வேண்டும். உங்களுக்கு இடமில்லை. படி மூன்றையும் 6 அங்குல உயரம், 12 அங்குல அகலமாகச் சமப்படுத்தி, இரண்டு பக்கமும் கைப்பிடி போடுங்கள். உயரம் ஒரு படிக்கு ஒரு படி மாறினால்தான் வயதானவர்கள் தடுக்குவது.

ஆத்தங்குடிக் கல் அழகுதான், உங்கள் ஊர்ச் சரக்கும்கூட. முதல் 6 அடிக்கு மட்டும் போடுங்கள். சேலையிலும் கட்டம், தரையிலும் பூ என்றால் கண் எதிலும் நிற்காது. சிவப்புத் தரை கீழிருந்து துணிமேல் சிவப்பையும் அடிக்கும். உள்ளே வெளிர் சாம்பல் போதும். ஆசிட் கலந்த தரைக் கழுவியை அந்தக் கல்மேல் ஊற்ற விடாதீர்கள். மேலே இருப்பது சிமெண்ட், நிறத்தோடு அரித்துவிடும்.