இணையம் விட்டுவிட்டுக் கிடைக்கும் இடத்தில் கணினியின் கடிகாரம்

வெண்ணாற்றங்கரை:
நீடாமங்கலம் பக்கத்திலுள்ள எங்கள் அரிசி ஆலையின் எடைமேடையில் டெபியன் லினக்ஸ் இயங்குதளம் நிறுவிய பழைய கணினி ஒன்று இரவும் பகலும் ஓடுகிறது. இன்வெர்ட்டரும் இறங்கிவிட்டால்தான் அணையும். எடைச்சீட்டில் அதன் நேரமே அச்சாகிறது. இணையம் என்பது மாலையில் நான் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து வைக்கும் அரைமணி நேரம்தான். மழை பிடித்துக்கொண்டால் நான்கைந்து நாள் அதுவும் இராது. கடிகாரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 நொடி முந்துகிறது. இணையம் வந்ததும் ஒரேயடியாகப் பின்னால் தாவிவிடுவதால், சென்ற வாரம் 212ஆம் சீட்டில் 6.12 என்றும், அடுத்த வண்டிக்குரிய 213ஆம் சீட்டில் 6.11 என்றும் அச்சாயின. நெல் கொண்டுவந்த வியாபாரி இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். இதற்கு என்ன வழி?

உமிச்சாம்பல்:
உங்கள் கணினியில் இணையத்தைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்வது டைம்சின்க்டி என்ற நிரல் என்று தோன்றுகிறது, பிழை 0.4 நொடியைத் தாண்டினால் அது கடிகாரத்தைத் தாவச் செய்துவிடும். அதற்குப் பதிலாக அதே வேலையைச் செய்யும் குரோனி என்ற நிரலை நிறுவுங்கள். இணைப்புள்ள அரைமணியில், நேரம் எவ்வளவு தவறியிருக்கிறது என்பதோடு, கடிகாரத்தை ஓட்டும் படிகம் (கிரிஸ்டல்) எந்த வேகத்தில் முந்துகிறது என்பதையும் அது அளந்து டிரிஃப்ட் கோப்பில் எழுதிவைத்துக்கொண்டு, இணைப்பு போன பிறகும் அந்த வேகத்தைக் கழித்தே கடிகாரத்தை ஓட்டும். நாளுக்கு 20 நொடி என்பது பத்து லட்சத்தில் சுமார் 231 பங்கு. நாள்தோறும் ஒரே அளவாக முந்துகிறது என்றால் அது பெரிய குறையே அன்று. எஞ்சிய பிழையைக் கடிகாரத்தை மெதுவாக்கியே தீர்க்கும். இயல்பான உச்ச வரம்பு 12 நொடிக்கு ஒரு நொடி என்பதால், 100 நொடிப் பிழைகூட 20 நிமிடத்தில் கரைந்துவிடும்.

கோரையாறு:
மேலே சொன்னது சரிதான், ஆனால் அதில் ஒரு கண்ணி உண்டு. டெபியன் தரும் அமைப்புக் கோப்பில் ‘மேக்ஸ்டெப் 1 3’ என்ற வரி இருக்கும். நிரல் தொடங்கியபின் வரும் முதல் மூன்று திருத்தங்களில், பிழை ஒரு நொடிக்கு மேல் இருந்தால் தாவலாம் என்பது அதன் பொருள். காலையில் மின்சாரம் திரும்பிக் கணினி எழுந்து, மாலையில்தான் இணையம் வருகிறது என்றால், அந்த மூன்று திருத்தங்களும் மாலையில்தான் நிகழும். சீட்டு மறுபடியும் பின்னோக்கும். எனவே அந்த வரியை நீக்கிவிடுங்கள். அதற்கு முன் கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டும், மதர்போர்டிலுள்ள சிஆர்2032 என்ற நாணய வடிவப் பேட்டரியை மாற்றிவிடுவது நல்லது. அது தீர்ந்துபோனால் கணினி பல ஆண்டுகள் பின்தங்கிய தேதியோடு எழும். அவ்வளவு பிழையை மெல்லக் கரைத்து மாளாது.

வெண்ணாற்றங்கரை:
இருவருக்கும் நன்றி. 3 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி 2.6தான் காட்டியது, மாற்றிவிட்டேன். குரோனியை நிறுவியபின் நான்கு நாள் இணையமே இல்லாமல் இருந்தும் பிழை 3 நொடிதான். மதியத்தில் தகரக் கூரை காய்வதால் படிகத்தின் வேகம் மாறியிருக்கலாம் என்று எண்ணிக் கணினியை உள்ளறைக்கு மாற்றியிருக்கிறேன். 213ஆம் சீட்டை மட்டும் கையால் திருத்திக் கையொப்பமிட வேண்டியதாயிற்று.