விதிகளுக்கேற்ப நடப்பதைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர்கள்: உங்களுக்கு நேர்ந்த அனுபவங்கள்

நிழற்கோடு:
தணிக்கைப் பணிக்கான நேர்காணல் குழுவில் அமர்ந்திருந்தேன். எல்லாவற்றுக்கும் தெளிவாக விடையளித்து வந்த இளைஞர், புதிய நடைமுறைகளுக்கு எப்படிப் பழகிக்கொள்வீர்கள் என்று கேட்டபோது, சற்றும் தயங்காமல் "ஐ கேன் பென்ட் தி ரூல்ஸ்" என்றார். விதிகளுக்கேற்பத் தாம் வளைந்துகொடுப்பதாகச் சொல்ல வந்தவர், விதிகளையே வளைப்பதாகச் சொல்லிவிட்டார்; அதுவும் தணிக்கை வேலைக்கு! தலைமை வகித்தவர் பேனாவை மூடி வைத்ததையும், நல்ல விடை கூறிவிட்டதாக எண்ணி அந்த இளைஞர் புன்னகைத்ததையும் இன்னும் மறக்க முடியவில்லை. அவர் கருதியது வேறு என்று பிறகு நான் எடுத்துச் சொல்லியும் மதிப்பெண் மாறவில்லை.

ஏழாம்படி:
மேலே எழுதியவரோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த இளைஞர் எதிரில் இருக்கும்போதே "ஓர் எடுத்துக்காட்டுக் கூறுங்கள்" என்று கேட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். பிறகு எடுத்துச் சொல்லி என்ன பயன்? என் அனுபவம் இது. இரு குழுக்கள் சேர்ந்து செய்த பணியில், அறிக்கைகளின் புதிய வடிவத்தை அனைவரும் பின்பற்ற வேண்டும் என்பதற்காக எங்கள் மேலாளர் "எவ்ரிஒன் மஸ்ட் டோ தி லைன்" என்று மின்னஞ்சல் அனுப்பினார். மனம் ஒப்பாவிட்டாலும் மேலிடம் சொன்னபடி நட என்ற தொனி அத்தொடரில் உண்டு. கட்சிக் கட்டுப்பாடு பற்றிய செய்திகளில் அது அடிக்கடி வருவதும் அதனால்தான். மறுநாள் கூட்டத்தில் மற்றக் குழுவின் மூத்த அம்மையார், "நாங்கள் எந்தக் கோட்டைத் தாண்டினோம்?" என்று கேட்டார். அதன்பின் ஒருவரும் வாய் திறக்கவில்லை. "ப்ளீஸ் ஃபாலோ" என்று எழுதியிருந்தாலே போதுமானது.

நிழற்கோடு:
ஏழாம்படி அவர்களுக்கு: ஒருவர் கேள்வி கேட்கும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது என்பது அக்குழுவின் விதி.

ஏழாம்படி:
அந்த ஒன்றையாவது நீங்கள் வளைத்திருக்கலாம், ஐயா.

தூரத்துமணி:
நின்றுகொண்டே கூட்டம் நடத்துவது எங்கள் பிரிவின் வழக்கம். வேறு பிரிவிலிருந்து வந்த ஒருவர் நாற்காலியை ஒதுக்கி வைத்து, "வென் இன் ரோம்" என்று பாதியிலேயே நிறுத்திச் சிரித்தார். "ரோமில் இருக்கும்போது ரோமானியர் செய்வதுபோல் செய்" என்ற பழமொழியின் மீதியை எல்லோரும் அறிவர் என்பதால் ஆங்கிலத்தில் அப்படி நிறுத்துவதே வழக்கம். ஆனால் என் அருகில் நின்றவர், "நம்மை விநோதப் பிறவிகள் என்கிறாரா?" என்று முணுமுணுத்தார். ரோமில் இருக்கும்போது சனிக்கிழமை நோன்பிருப்பேன், மிலானில் இருக்கும்போது இருப்பதில்லை என்று 4ஆம் நூற்றாண்டில் மிலான் ஆயர் அம்புரோசு, கிறித்தவ அறிஞர் அகுஸ்தீனுக்குக் கூறிய அறிவுரையிலிருந்து வளர்ந்த தொடர் அது. அம்புரோசு அதைச் சொன்னது மிலானில்தான், ரோமானியர் முன்னால் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

பழைய_கணக்கர்:
ஓய்வு பெற்ற நண்பருக்கு அளித்த பாராட்டு மடலில் "ஹி ஆல்வேஸ் ஒர்க்ட் டு ரூல்" என்று அச்சிட்டிருந்தார்கள். விதிப்படி வேலை என்ற பெயரில் தொழிற்சங்கங்கள் நடத்தும் போராட்டத்துக்கு ஆங்கிலத்தில் அதுவே பெயர் என்பதால், அவர் அதைச் சட்டமிட்டு மாட்டுவதா கிழிப்பதா என்று என்னைக் கேட்டார். இனி எழுதுவோருக்குச் சில சொல்கிறேன். ஒழுங்காக நடப்பவரைப் பாராட்ட "ப்ளேஸ் பை தி ரூல்ஸ்" பொருந்தும். "பை தி புக்" என்பதில் பாராட்டும் உண்டு, இம்மியும் நெகிழாதவர் என்ற குறையும் உண்டு. ஆகவே பரிந்துரைக் கடிதத்தில் தவிர்ப்பது நல்லது. அலுவல் கடிதங்களில் "கம்ப்ளை" என்பதற்குப் பின் "வித்" வரும், "அபைட்" என்பதற்குப் பின் "பை" வரும், "அட்ஹியர்" என்பதற்குப் பின் "டு" வரும். "கம்ப்ளை டு" என்று எழுதிய சுற்றறிக்கைகளை நான் சிவப்பு மையால் திருத்தியே சலித்துப்போனேன். புதிய இடத்துக்குப் பழகிக்கொள்வேன் என்று நேர்காணலில் சொல்ல வேண்டியவர்கள் "ஐ வில் அடாப்ட் டு தி ரூல்ஸ்" என்று சொன்னால் போதும். "அடாப்ட் தி ரூல்ஸ்" என்று நடுவிலுள்ள "டு"வை விட்டுவிட்டால், விதிகளை நீங்கள் மாற்றியமைப்பதாகப் பொருள்படும்.