ஸ்காரிஃபிகேஷன்: வடுவா, கீறலா, திறப்பா?

அன்பர்களுக்கு வணக்கம்.

ஸ்டர்ட் பாலைப் பட்டாணி வளர்ப்பு பற்றித் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலத்தில் தரையோடு படரும் காட்டுச் செடி இது. அவரைக் குடும்பம். ரத்தச் சிவப்பில் பூ, அதன் நடுவே கன்னங்கரேலென்று புடைத்த குமிழ். 1844-இல் உள்நாட்டைத் தேடிப் புறப்பட்ட ஸ்டர்ட்டின் பெயர் இதற்கு நிலைத்துவிட்டது. ஆனால் ஆங்கிலேயக் கடலோடி டாம்பியர் 1699-இலேயே இதைப் பறித்து உலர்த்திக் கொண்டுபோயிருக்கிறார். அந்த மாதிரி இன்றும் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது.

விதைப்பு அத்தியாயத்தில்தான் மாட்டிக்கொண்டேன். நீர் புகாத விதைத்தோலில் நீருக்கு வழி செய்து முளைக்க வைப்பதை ஆங்கிலத்தில் ‘ஸ்காரிஃபிகேஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன போடுவது? கையில் இருப்பவை இரண்டு: வடுவாக்கம், தோல் கீறல். முதலாவது கலைச்சொல் மாதிரி இருக்கிறது, இரண்டாவது புரிகிறது. உங்கள் கருத்து?

* * *

ஐயா, வணக்கம்.

> முதலாவது கலைச்சொல் மாதிரி இருக்கிறது

அதைத் தவிர அதில் வேறு நன்மை இல்லை. ஆங்கிலத்தில் வடுவைக் குறிக்கும் ‘ஸ்கார்’ வேறு, ‘ஸ்காரிஃபை’ வேறு. இரண்டும் கிரேக்க வழி வந்தவைதான். ஆனால் முன்னதன் வேர்ச்சொல் அடுப்பையும் தீப்புண் பொருக்கையும் குறித்தது, பின்னதன் வேர்ச்சொல் எழுத்தாணியால் கீறுவதைக் குறித்தது. ஓசை ஒத்திருப்பதைப் பார்த்து நாம் ஏமாந்துபோகிறோம். ஓலையில் கீறியே எழுதியவர்கள் ஏமாறலாமா?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. விதை காயோடு ஒட்டியிருந்த இடத்துக்கு ‘விதைத்தழும்பு’ என்று ஏற்கெனவே பெயர் இருக்கிறது. முளைவேர் அதன் பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும். அங்கே கத்தி பட்டால் விதை போச்சு. ‘தழும்புக்கு எதிர்ப்புறம் வடுவாக்குக’ என்று எழுதிப் பாருங்கள், வாசகர் எந்தப் பக்கம் நறுக்குவார்?

‘தோல் கீறல்’ புரிகிறது, சரி. ஆனால் உப்புத்தாளில் தேய்ப்பதும், வெந்நீர் ஊற்றுவதும், ஆய்வகத்தில் கந்தக அமிலத்தில் போட்டு எடுப்பதும் ஸ்காரிஃபிகேஷன்தானே? வெந்நீரில் யாரும் எதையும் கீறுவதில்லை. பல அவரையின விதைகளில் தழும்பை ஒட்டி ‘லென்ஸ்’ என்று ஒரு சிறு இடம் இருக்கிறது. சூடு பட்டால் அது பிளந்து நீருக்கு வழிவிடும். பாலையில் கத்தியும் இல்லை, உப்புத்தாளும் இல்லை. மணல் உராய்வதும், பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி வாட்டுவதும் மெல்ல மெல்லத் தோலைத் தளர்த்துகின்றன. எல்லா விதையும் ஒரே மழையை நம்பி முளைத்து ஒன்றாகக் கருகிவிடாமல் இருப்பதும் இதனால்தான்.

அதனால் ஆயுதத்தை விட்டுவிட்டு, விதைக்கு என்ன குறை என்று பார்ப்போம். விதைத்தோலின் வெளியடுக்கில் தூண்கள்போல நெருங்கி நிற்கும் செல்கள் நீரை உள்ளே விடுவதில்லை. உள்ளே உயிர் இருந்தும் விதை ஊறுவதில்லை. இரவெல்லாம் நனைத்த பயற்றில் நாலைந்து மட்டும் கல்லாகவே கிடக்குமே, அதே சங்கதிதான்.

முதலில் ‘கல்விதை’ என்று எழுதினேன். என் மகள் அதைக் ‘கல்வி தை’ என்று வாசித்துவிட்டு, தை மாதம் பள்ளி திறக்கிறதா என்று கேட்டாள். விட்டுவிட்டேன். இப்போது என் பரிந்துரை ‘ஊறாவிதை’. வாடாமலர், பொய்யாமொழி மாதிரி நாவில் தானாக உட்காரும். அதற்குச் செய்யும் வேலை ‘உறைதிறப்பு’. எதைக்கொண்டு என்பதை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்: வெந்நீர் உறைதிறப்பு, அமில உறைதிறப்பு.

* * *

ஊறாவிதையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், நன்றி. உறைதிறப்பில்தான் தயக்கம். அதைக் கேட்டால் எனக்கு ஒப்பந்தப்புள்ளி உறைகளை அதிகாரி பிரிக்கிற காட்சிதான் வருகிறது. ‘விதையுறை’ பாடநூல் சொல் என்பது தெரியும். ஆனால் தோட்டக்காரர் வாயில் அது தோல்தான். ‘தோல்திறப்பு’ என்று வைத்து ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“பாலைப் பட்டாணி ஊறாவிதை வகை. தழும்புக்கு எதிர்ப்புறத்தில் நகவெட்டியால் துளியளவு நறுக்கித் தோலைத் திறக்கவும். பிறகு வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறட்டும். பருத்த விதைகளை மட்டும் விதைக்கவும், பருக்காதவற்றுக்கு மறுபடி தோல்திறப்பு செய்யவும். ஆணிவேர் சட்டென்று ஆழத்துக்கு ஓடும், அதைக் கலைத்தால் செடி தாங்காது. நாற்றைப் பிடுங்கி நட வேண்டாம், நிலையாக வளரும் இடத்திலோ ஆழமான தொட்டியிலோ நேரடியாக விதைக்கவும். முழு வெயிலும் நீர் தேங்காத மணற்பாங்கான மண்ணும் தேவை. இலை நனையாமல் அடியில் நீர் விடவும். இளங்கன்றை நத்தை ஒரே இரவில் முடித்துவிடும்.”

எங்கும் இடறவில்லை என்று நினைக்கிறேன். ‘திறக்கவும்’ என்று வினையாகவும் வருகிறது, ‘தோல்திறப்பு’ என்று பெயராகவும் நிற்கிறது. ‘வடுவாக்கவும்’ என்று எழுதியிருந்தால் நானே திரும்பப் படித்திருக்க மாட்டேன்.

அடுத்த சிக்கலையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தச் செடிக்கு வேர் அழுகல் ஒரு சாபம். அதனால் ஐரோப்பாவில் இதைக் கொலூட்டியா என்ற வேறோர் அவரையினச் செடியின் இளநாற்றில் ஒட்டுக்கட்டி வளர்த்தார்கள். ஒட்டுக்கு அடியில் நிற்கும் செடியை ‘வேர்க்கட்டை’ என்கிறோம். மாமரத்துக்குச் சரி. இங்கே அது விதையிலை விரிந்தும் விரியாததுமாக, நூல் பருமனில் நிற்கும் நாற்று. அதைக் கட்டை என்று எழுதக் கை வரவில்லை.