புதுப்பிப்பு: வெயில் பட்டால் மகளுக்குக் கை எரிச்சல் – காரணம் தெரிந்துவிட்டது

ஏற்காட்டில் சற்று நேரம் வெயிலில் நின்றாலே என் மகளுக்குக் கையும் மூக்கும் தீயாய் எரிகின்றன, கொப்புளம் இல்லை, சிறுநீரில் போர்பிரின் (ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் உருவாகும்போது இடையில் தோன்றும் பொருள்) அளவும் இயல்பு என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

"சிறுநீரை விடுங்கள், சிவப்பணுக்களில் புரோட்டோபோர்பிரின் பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. போர்பிரின்களில் ஒரு வகையான அது நீரில் கரையாமல் பித்தநீர் வழியே வெளியேறுவதால் சிறுநீரில் தென்படாது. சேலத்தில் ரத்தம் எடுத்து, ஒளி படாதபடி குழாயைக் கறுப்புத் தாளில் சுற்றி வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அளவு மிக அதிகம். துத்தநாகம் சேராத வகையே பெரும்பங்கு. இரும்புச்சத்துக் குறைவிலும் ஈய நச்சிலும் கூடுவது துத்தநாகம் சேர்ந்த வகை. அதனால் இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்லிக் கட்டாயம் கேளுங்கள். ஹீம் உருவாகும் கடைசிப் படியில் இரும்பைச் சேர்க்கும் ஃபெரோகெலட்டேஸ் நொதி இவளுக்குக் குறைவு, அதனால்தான் புரோட்டோபோர்பிரின் ஹீமாக மாறாமல் தேங்குகிறது என்றார் மருத்துவர்.

எதிர்பாராதது ஒன்று: ஜன்னல் கண்ணாடி காக்காது. 400 நானோமீட்டரை ஒட்டிய ஊதா ஒளிதான் எரிச்சலைத் தூண்டுகிறது. கண்ணாடியையும் சாதாரண சன்ஸ்கிரீனையும் அது கடந்துவிடும். மலைப்பாதையில் பஸ் ஜன்னலோர இருக்கை இனி இல்லை. முழுக்கைச் சட்டை, கையுறை. புரோட்டோபோர்பிரின் கல்லீரலிலும் படியக்கூடும் என்பதால் ஆண்டுதோறும் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.