மஹிந்திரா தார்ல பெரிய டயரை கம்பெனியே ஏன் போட்டுத் தரமாட்டேங்குறான்?

செம்மண்தடம்:
வணக்கம். நமக்கு காரைக்குடி பக்கம், புதுவயல் தாண்டி கொஞ்சம் நிலம் கெடக்கு. மஹிந்திரா தார் வச்சிருக்கேன், டயர் 245/75 ஆர்16, அதாவது 245 மில்லி அகலம், 16 இஞ்ச் ரிம். ஐப்பசி மழைக்கு கண்மாய் உள்வாய்ல இறங்குனா வண்டல்ல மொழுக்குன்னு ஆயி சும்மா சுத்துது. வீல் ஆர்ச்சுக்குள்ள கைய விட்டா முழங்கை வரைக்கும் போகுது, அம்புட்டு இடத்தையும் வெட்டியா விட்டு வச்சிருக்கான். 285 அகல டயர் போட்டு, வண்டிய ரெண்டு இஞ்ச் தூக்கி லிஃப்ட் பண்ணலாம்னு இருக்கேன். ஆஃப்ரோடு வண்டின்னு விக்கிறவன் இத ஃபாக்டரியிலயே செஞ்சா என்ன, காசு மிச்சம் புடிக்கிறானா?

பட்டறைக்காரன்:
அது வெட்டி இடம் இல்ல தம்பி. வண்டி நெறைய ஆள், ஸ்டியரிங் முழு ஒடிப்பு, அந்நேரம் பாத்து பள்ளத்துல விழுந்து ஸ்பிரிங் கடைசி வரைக்கும் அமுங்குது, டயர்ல சேறு வேற அப்பியிருக்கு, இத்தனையும் ஒண்ணா நடந்தாலும் எதுலயும் உரசக்கூடாதுன்னு பாத்துத்தான் டயர் சைஸ வைப்பான். நீ நிறுத்தி வச்ச வண்டியில கைய விட்டுப் பாக்குற. லிஃப்டும் அப்படித்தான், புது தார்ல முன்னாடி இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன், ரெண்டு சக்கரமும் தனித்தனியா ஆடும், ரெண்டு இஞ்ச் தூக்குனா சக்கரத்த சுத்துற ஆக்ஸில் ஷாஃப்ட் சாஞ்சு ஓடி, அது மடங்குற இடத்துல இருக்குற சிவி ஜாயின்ட்டோட ரப்பர் உறை (பூட்) கிழியும், அப்புறம் மண்ணு உள்ள போகும், முடிஞ்சது. இப்படி கிழிஞ்சு வந்த வண்டி போன வருசம் மட்டும் ரெண்டு பாத்தேன். மாருதி ஜிம்னில முன்னும் பின்னும் ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணா சேக்குற கட்டை ஆக்ஸில், அதுல இந்தத் தொல்லை கம்மி, ஆனா தூக்குனா முன் சக்கரத்தோட சாய்வு கோணம் (கேஸ்டர்) மாறி ஸ்டியரிங் அலையும்.

கணக்குப்பிள்ளை:
நம்பரா பாருங்க. 245/75 ஆர்16 ஒசரம் சுமார் 774 மில்லி, 285/75 ஆர்16 சுமார் 834. அறுபது மில்லி வித்தியாசம், ஆனா வண்டியோட அடிப்பாகம் ஏறுறது அதுல பாதி, முப்பதுதான். அதுக்கு மீட்டர் 100 காட்டுறப்ப வண்டி முன்னைக்கு இப்ப கிட்டத்தட்ட 8 சதவீதம் வேகமா ஓடும். ஓடுற வேகத்தவிட மீட்டர் கொறச்சுக் காட்டவே கூடாதுங்கிறது விதி. கியர் ரேஷியோவும் அதே அளவு ஒசந்துரும், இழுவை செத்துரும், பிரேக்குக்கும் வேலை கூடும். கம்பெனி செய்யாம இல்ல, ஜீப் ராங்லர் ரூபிகான்ல 2021ல 35 இஞ்ச் டயர் ஃபாக்டரியிலயே வந்துச்சு, ஆனா அதுக்கு இழுவை சாகாம இருக்க ஆக்ஸில் கியர் ரேஷியோவ 4.56 ஆக்கி, ஒண்ணரை இஞ்ச் தூக்கி, பின்கதவு கீலையே பலப்படுத்த வேண்டியதாப் போச்சு, ஸ்டெப்னி அம்புட்டு கனம்! டயர மட்டும் மாத்துற வேலையா அது?

ஆச்சிவீட்டுப் பேரன்:
சட்டத்தையும் சேத்துக்கங்க. கம்பெனி கொடுத்த ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, மோட்டார் வாகனச் சட்டம் 52ம் பிரிவு. இன்சூரன்ஸ்காரன் அதத்தான் தேடிக்கிட்டிருப்பான். அப்புறம் நம்ம வீட்டுக் கத, ஒரு கடைல லிஃப்ட் பண்ணிட்டு வந்தேன், அப்பத்தா கோயிலுக்கு ஏற முடியாம முக்காலி போட வேண்டியதாப் போச்சு, மூணாம் நாள் "இந்த யானைய வித்துருடா"ன்னுச்சு. வளைவுல அடிக்கிற சாய்ச்சலும் எனக்கே பயமா இருந்துச்சு.

பட்டறைக்காரன்:
கம்பெனிக்காரன் நமக்கு மட்டுமா செய்யிறான், அப்பத்தாவுக்கும் சேத்துத்தான் செய்யணும். உனக்கு வேண்டியது ஒசரம் இல்ல தம்பி, டயர்ல மண்ணப் புடிக்கிற பட்டன். இதே 245ல ரோட்டுக்கும் மண்ணுக்கும் ஆகுற நல்ல ஏடி (ஆல் டெரெய்ன்) டயர் வாங்கு, வண்டல்ல இறங்குறதுக்கு முன்ன காத்த 20 பிஎஸ்ஐக்கு எறக்கு, நாலு சக்கரமும் இழுக்குற லோ கியர், ஃபோர் லோ போடு, திரும்பி தார் ரோடு ஏறுறப்ப காத்த அடிச்சுக்க. ஒரு சின்ன கம்ப்ரஸர் போதும்.

செம்மண்தடம்:
சரிண்ணே, 285 வேணாம். ஆனா கண்மாய்க்கரை சீமைக்கருவேல முள்ளு டயரோட பக்கவாட்டுல, சைடுவால்ல ஏறுதே, அதுக்கு ஏதும் வழி இருக்கா?

பட்டறைக்காரன்:
சைடுவால்ல போனா பஞ்சர் நிக்காது, டயர்தான் மாத்தணும். பின்னாடி தொங்குதே ஸ்டெப்னி, அதுல கடைசியா எப்ப காத்து பாத்த?