புதுப்பிப்பு: பவர் பிஐ-யில் ஆர்எல்எஸ் போட்டும் எல்லாக் கிளை டேட்டாவும் தெரிந்தது (தீர்ந்துவிட்டது)

பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பவர் பிஐ (மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட் மென்பொருள்) ரிப்போர்ட்டில் ஆர்எல்எஸ், அதாவது யாருக்கு எந்த டேட்டா தெரியலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி, போட்ட பிறகும் மதுரைக் கிளை மேலாளருக்குக் கோவை, சேலம் விற்பனையும் தெரிகிறது, ஆனால் ‘டெஸ்ட் அஸ் ரோல்’ (ஒரு ரோலில் இருப்பவருக்கு என்ன தெரியும் என்று பார்க்கும் சோதனை) போட்டால் சரியாகக் காட்டுகிறது என்று கேட்டிருந்தேன்.

"ரூலை விடுங்க, ஒர்க்ஸ்பேஸ்ல அவங்களுக்கு என்ன ரோல்னு பாருங்க" என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் விடை. ஒர்க்ஸ்பேஸ் (ரிப்போர்ட்டுகளை வைத்துப் பகிரும் இடம்) ரோல்களில் வியூவருக்கு, அதாவது பார்க்க மட்டும் உரிமை உள்ளவருக்கு, மட்டும்தான் ஆர்எல்எஸ் வேலை செய்யும். அட்மின், மெம்பர், கான்ட்ரிபியூட்டர் மூவருக்கும் எடிட் உரிமை இருப்பதால் முழு டேட்டாவும் போய்விடும். எங்கள் மேலாளர்கள் எல்லாரும் கான்ட்ரிபியூட்டர். வியூவராக மாற்றியதும் அவரவர் கிளை மட்டும் வந்தது.

எதிர்பாராத விஷயம் ஒன்று. ஒரு மேலாளருக்கு மட்டும் மாற்றிய பிறகும் எல்லாம் தெரிந்தது. அவர் ஒரு பழைய செக்யூரிட்டி குரூப்பிலும் (பலருக்குச் சேர்த்து உரிமை கொடுக்கும் குழு) இருந்தார், அந்தக் குரூப்புக்குக் கான்ட்ரிபியூட்டர் ரோல். இரண்டு வழியில் ரோல் வந்தால் அதிக உரிமை உள்ள ரோல்தான் செல்லும். குரூப்பிலிருந்து எடுத்ததும் சரியாகிவிட்டது. ஆகவே ஆட்களை மட்டும் பார்க்காமல் குரூப்களையும் திறந்து பாருங்கள்.

இன்னொன்று: ஒர்க்ஸ்பேஸ் ரோல் வேறு, எந்தக் கிளை தெரியும் என்று ரூல் வைக்கும் ஆர்எல்எஸ் ரோல் வேறு. எந்த ஆர்எல்எஸ் ரோலிலும் சேர்க்காத வியூவருக்கு ரிப்போர்ட்டில் டேட்டா லோட் ஆகாது. எல்லாக் கிளையையும் பார்க்க வேண்டிய தலைமை அலுவலகத்தாருக்கு ஃபில்டர் இல்லாத தனி ரோல் வைத்திருக்கிறேன்.