மொரப்பூரில் படித்த தண்டவாளம்

அரூர் உறுப்பினர்:

அனைவருக்கும் வணக்கம். சத்தீஸ்கரில் உள்ள பிலாய் எஃகு ஆலையின் தண்டவாளப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பின் சொந்த ஊரான அரூருக்குத் திரும்பியிருக்கிறேன். 1955-இல் சோவியத் ஒன்றியத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் உருவான ஆலை அது. தாதை உருக்கி இரும்பாக்கும் அதன் முதல் ஊதுலையை 1959 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் தொடங்கி வைத்தார்.

தண்டவாளம் உருட்டுவதை நான் முதன்முதலில் பார்த்தது ஓர் இரவுப் பணியில். தணலாய்ச் சிவந்த எஃகுக் கட்டி உருளைகளுக்கிடையே முன்னும் பின்னுமாகப் போய்வந்து, ஒவ்வொரு முறையும் மெலிந்து நீண்டு, கடைசியில் தலையும் இடையும் அடியுமாக வடிவெடுத்து வெளியே வந்தபோது, இதன்மேல்தானே நம் ஊர் மக்கள் பயணம் போகிறார்கள் என்ற எண்ணத்தில் என் கண்கள் கலங்கிவிட்டன. தலைப்பகுதி தடிமனாகவும் அடிப்பகுதி மெல்லியதாகவும் இருப்பதால் இரண்டும் சமமாக ஆறுவதில்லை. அதனால் தண்டவாளம் வில்லைப்போல் வளையும், அதை மறுபடி உருளைகளில் செலுத்தி நிமிர்த்த வேண்டும். அதைவிடப் பெரிய கவலை எஃகுக்குள் தங்கிவிடும் ஹைட்ரஜன். அது வெளியேறாவிட்டால் உள்ளே மயிரிழைபோன்ற விரிசல் விழுந்து, பல ஆண்டுகள் கழித்து எங்கோ ஒரு வளைவில் தண்டவாளத்தை முறித்துவிடக்கூடும். ஆகவே மீயொலிச் சோதனையில் சிறு ஐயம் எழுந்தாலும் நாங்கள் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுவோம். அந்தக் கண்டிப்பை இன்றும் பெருமையாகவே நினைக்கிறேன்.

ஒவ்வொரு தண்டவாளத்தின் இடைப்பகுதியிலும் எடைப்பிரிவு, ஆலையின் அடையாளம், மாதம், ஆண்டு ஆகியவை புடைப்பெழுத்தாகப் பதிந்திருக்கும். மாதத்தை மட்டும் ரோமன் எண்ணில் பொறிப்பார்கள். சென்ற மாதம் மொரப்பூர் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தபோது, நடைமேடை ஓரத்தில் இறக்கி வைத்திருந்த தண்டவாளத் துண்டு ஒன்றைக் குனிந்து படித்தேன். அது நான் பணியிலிருந்த மாதத்தில் உருட்டியது. துருவைத் துடைத்து அந்த எழுத்துகளைக் கையால் தடவிப் பார்த்தேன்.

அதே மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் ஓடத் தொடங்கிய சின்ன ரயிலில் என் பாட்டி போயிருக்கிறார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-இல், அந்தப் பாதை மூடப்பட்டது. பிறகு தண்டவாளங்களையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். இப்போது அதே தடத்தில் சுமார் 36 கிலோமீட்டருக்கு அகலப்பாதை அமைக்க 2019-இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அதில் முதல் வண்டி ஓடுவதை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

பர்கூர் உறுப்பினர்:

ஐயா, நீங்கள் உருட்டிய தண்டவாளத்துக்குத் தாது தந்த தல்லி ராஜ்ஹராச் சுரங்கத்தில் டம்பர் வண்டிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் நான் நான்கு ஆண்டுகள் இருந்தேன். பிலாய்க்குத் தெற்கே இருக்கும் அந்த மலையில் ஹேமடைட் என்னும் இரும்புத் தாது செம்மண் நிறத்தில் கிடக்கும். கைப்பிடியளவு கட்டிகூட எதிர்பாராத கனம் கனக்கும். துணியை எத்தனை முறை அலசினாலும் சிவப்பு போகாது. இரவில் தாது ஏற்றிய சரக்கு வண்டி பிலாய் நோக்கிப் புறப்படும் ஓசை கேட்டால்தான் எங்கள் குடியிருப்பில் பலருக்கு உறக்கம் வரும்.

உங்கள் அரூர்ப் பக்கத்துத் தீர்த்தமலையில் இருப்பது வேறு வகை. அது காந்தத்தில் ஒட்டும் கரிய மாக்னடைட். கல்லோடு கலந்து கிடப்பதால் அதில் இரும்பின் அளவு குறைவு. ஆனாலும் நம் பக்கத்தில் இரும்பின் கதை நேற்றுத் தொடங்கியதல்ல. எங்கள் ஊருக்கு அருகே மயிலாடும்பாறையில் கிடைத்த சான்றுகள், இங்கே கி.மு. 2172-லேயே இரும்பு புழங்கியதைக் காட்டுவதாக 2022-இல் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தபோது, நான் ராஜ்ஹராவில் என்னுடன் வேலை பார்த்த சத்தீஸ்கர் நண்பரை உடனே தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். மயிலாடும்பாறை இருக்கும் மாவட்டத்தின் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு இப்போது ரயில் இல்லை என்பதையும் சொன்னேன். அவரால் நம்ப முடியவில்லை.